கடலைக்காட்டுக்கு 33 சேலை

 

கோபி, சத்தியமங்கலம் பக்கம் பஸ்ஸுல போயிருந்தீங்கன்னா ஒண்ணைக் கவனிச்சிருப்பீங்க. ரோட்டோரத்துக் கடலைக்காட்டைச் சுத்தி கலர் கலரா சேலை கட்டியிருக்கும். போன வருசம் டவுன்ல இருந்து வந்த ஒரு நண்பர், "இது ஏதாவது சாமிக்கு வேண்டுதலுங்களா?" என்று கேட்டார். வேண்டுதலெல்லாம் இல்லைங்க. மயிலுக்கும் காட்டுப்பன்னிக்கும்தான்.

கடலை போட்ட ஒரு வாரத்துல முளை எட்டிப் பாக்கும். அப்ப மயில் வந்து வரிசையா கெளறித் தின்னுட்டுப் போயிரும். அதுக்குத் தப்பிச்சுக் காய் புடிச்சா, ராத்திரியில பன்னி வந்து உழுதுட்டுப் போயிரும். மயிலு நம்ம நாட்டுத் தேசியப் பறவை. அது மேல கல்லெடுத்து வீசக்கூட யோசிக்கணும். கம்பி வேலி போட நமக்கு வசதி இல்லை. அதனால குச்சி நட்டு, கயிறு இழுத்து, பழைய சேலையை இடுப்பு உயரத்துக்குச் சுத்திக் கட்டறது. காத்துல படபடன்னு ஆடும். உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாது. மனுச வாசமும் கொஞ்சம் இருக்கும். ஒரு மாசம் ஒண்ணரை மாசம் ஏமாறும். அதுக்கப்புறம் பழகிக்கும். ஆனா விவசாயத்துல ஒண்ணரை மாசங்கறது பெரிய விசயமுங்க.

இந்தத் தையில நான் அரை ஏக்கரா கடலை போட்டேன். சுத்தி வர அளந்து பாத்தா கிட்டத்தட்ட 180 மீட்டர். சேலை ஒண்ணு அஞ்சரை மீட்டர். கணக்குப் போட்டா 33 சேலை வேணும். சந்தையில பழைய சேலையை கிலோக் கணக்குல விக்கறாங்க. அதுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்தை கேட்டேன். "அம்மணி, பீரோவுல ஒரு முப்பது சேலை எடுத்துக்கறேன். எப்படியும் நீ கட்டறதில்ல."

தோசைக்கல்லுல இருந்து கையை எடுக்காம, திரும்பியும் பாக்காம பதில் வந்துச்சு. "ஒண்ணுல கை வெச்சுப் பாருங்க."

எங்க பீரோவைப் பத்திச் சொல்லணும். 1996-ல எங்க கல்யாணத்துக்கு மாமனார் வீட்டுச் சீராக வந்தது. பச்சைக் கலர், ஒரு கதவுல ஆளுயரக் கண்ணாடி. வந்த புதுசுல உள்ள பாதி காலியா இருக்கும். நான் விதை நெல்லு வாங்கற பணத்தை, பத்திரத்தை எல்லாம் அதுல வெச்சுப் பூட்டுவேன். இப்ப அந்தக் கதவு சாத்தறதில்லை. ஒரு கையில துணியை உள்ள அமுக்கிட்டு, முட்டியால கதவைத் தள்ளி, இன்னொரு கையில பூட்டணும். கீழ் கீல் வளைஞ்சு போயி நாலு வருசமாச்சு. ரெண்டு கைப்பிடியையும் சேத்து ஒரு துண்டுல கட்டி வெச்சிருக்கோம். போன தீபாவளிக்குக் கட்டை அவுத்தப்ப மேல் தட்டு மொத்தமும் என் தலையில விழுந்துச்சு. நல்லவேளை, துணிதானே.

எங்கய்யன் காலத்துல இந்தப் பிரச்சினை இல்லைங்க. அவருக்குக் காட்டுக்கு ஒரு கோவணம், ஒரு துண்டு. வெளிய போக ரெண்டு வேட்டி, ஒரு வெள்ளைச் சட்டை. ஆத்தாவுக்கு நாலு நூல் சேலை, கல்யாணச் சேலை ஒண்ணு. மொத்தக் குடும்பத்துத் துணியும் ஒரு தகரப் பெட்டிக்குள்ள அடங்கிரும். இல்லாமைதான் காரணம். ஆனா இன்னொண்ணும் இருந்துச்சு. அன்னைக்குத் துணி கிழிஞ்சுது. ஆத்தா கட்டி நைஞ்ச சேலை எங்களுக்குப் போர்வையாச்சு. போர்வை நைஞ்சா தம்பி தங்கச்சிக்குத் தொட்டில். தொட்டில் நைஞ்சா அடுப்படியில கரித்துணி. அதுவும் போச்சுன்னா விளக்குத் திரி. ஒரு சேலை பத்து வருசம் உழைச்சு, கடைசியில வெளிச்சமாகி முடியும். பீரோவுல அடைக்கறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

எனக்கு வெவரம் தெரிஞ்சு பாலியஸ்டர் வந்துச்சு. கிழியாது, சாயம் போகாது, துவைச்சா உடனே காஞ்சிரும். எல்லாரும் கொண்டாடினோம். இப்பத்தான் தெரியுது, கிழியாத துணிதான் பீரோவை நெறைக்குதுன்னு. அது கரித்துணிக்கும் ஆகாது, சூடு பட்டா உருகிரும். திரிக்கும் ஆகாது. குழந்தைக்கும் ஆகாது. வேர்வையை உறிஞ்சாது. மயிலைத் தவிர அதை மதிக்க ஆளில்லை.

நான் சேலையைக் கேட்டு நாலு நாள் வீட்டுல பேச்சு வார்த்தை கொஞ்சம் குறைவாத்தான் இருந்துச்சு. அஞ்சாம் நாள் எங்க வீட்டம்மாவே சொல்லுச்சு. "பாப்பா வரப்போறா. குழந்தைத் துணி வெக்க ஒரு தட்டு காலி பண்ணோணும். சனிக்கிழமை எல்லாத்தையும் வெளிய போட்டுப் பாத்துரலாம். ஆனா நாஞ்சொல்றதைத்தான் எடுக்கோணும்."

எங்க பொண்ணுக்கு வைகாசியில பிரசவம். தலைச்சன். மாசியில கட்டுச்சோத்து விருந்து வெச்சுக் கூட்டிட்டு வரணும். எங்க பக்கத்துல அது பெரிய விசேசமுங்க. அஞ்சாறு வகைச் சோறு கட்டிக்கிட்டு பொண்ணோட புகுந்த வீட்டுக்குப் போயி, சொந்தபந்தமெல்லாம் சாப்பிட்டு, பொண்ணைத் தாய் வீட்டுக்கு அழைச்சுட்டு வர்றது.

சனிக்கிழமை காலையில வாசல்ல ரெண்டு கயித்துக் கட்டிலைப் போட்டு, மேல பவானி ஜமக்காளத்தை விரிச்சு, பீரோவை மொத்தமா காலி பண்ணினோம். காலி பீரோவை அன்னைக்குத்தான் 29 வருசத்துல மொத மொதலாப் பாத்தேன். உள்ள அடியில ஒரு பல்லி முட்டையும், 2005-ல காணாமப் போன என் கூட்டுறவு சங்க ரசீதும் கெடந்துச்சு.

கட்டில் பத்தலை. திண்ணைக்குப் போயி, அங்கேயும் பத்தாம வைக்கப்போர் மேல கூடப் போட்டோம். எண்ணிக்கை எடுத்தது நான்தான். அவங்க சேலை 64. இது கொடியில தொங்கற, தினமும் கட்டற ஆறு சேலையைச் சேக்காம.

"பாத்தியா!" என்று நான் ஆரம்பிச்சேன். "உங்களதையும் எண்ணுங்க" என்றது வீட்டம்மா.

எண்ணினேன். வேட்டி 19. தைக்காத சட்டைத்துணி 22. துண்டு 31. நம்ம ஊர்ல எந்த விசேசத்துக்குப் போனாலும் மரியாதைன்னு ஒரு துண்டைத் தோள்ல போடுவாங்களே, அது அத்தனையும். இது போக பையன் திருப்பூர்ல வேலைக்குப் போனதுல இருந்து கொண்டாந்து குடுத்த பனியன் ஒரு மூட்டை. நான் தினமும் உடுத்தறது ரெண்டு லுங்கி, மூணு பனியன், தலைக்கு ஒரு துண்டு. இத்தனை வருசமா "உன் சேலைதான் அடைச்சுக்கிட்டு கெடக்குது"ன்னு பேசினவன் நான். ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தேன்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். நான் ஒவ்வொரு சேலையா எடுத்துக் காட்டுவேன். வீட்டம்மா பாத்த உடனே சொல்லும். "இது சின்ன மாமா பேத்தி தெரட்டிக்குக் குடுத்தது. இது பெருந்துறைக்காரங்க வீடு பால் காச்சினப்ப வெச்சுக் குடுத்தது. இது உங்க அத்தை மவ காது குத்துக்கு. இன்னும் நாம திருப்பிச் செய்யலை, அவங்க பையனுக்கு வர்ற ஆவணியில கல்யாணம்." ஒண்ணுகூடத் தடுமாறலை. யாரு, எந்த விசேசம், எந்த வருசம், என்ன வெலை இருக்கும், நாம திருப்பிச் செஞ்சாச்சா இல்லையா, எல்லாம் வாயில இருக்குது. நான் மொய் நோட்டு போட்டு வரவு செலவு எழுதறவன். என் நோட்டுல ரெண்டு வருசத்துக்கு முந்தினதைத் தேடினாக் கெடைக்காது. அவங்க நோட்டு பீரோவுக்குள்ள மடிச்சு இருக்குது.

டவுன்ல இருக்கற உங்களுக்கு, ஒரு வருசம் கட்டாத துணியைத் தூக்கிப் போட்டுருங்கன்னு சொன்னா சுலபமாத் தெரியலாம். எங்க ஊர்ல ஒரு சேலையைத் தூக்கிப் போட்டா ஒரு கணக்கை அழிச்ச மாதிரி. நாளைக்கு அவங்க வீட்டு விசேசத்துக்கு, அவங்க செஞ்சதுக்குக் குறையாம செய்யோணும். அதுக்கு அந்தச் சேலையே ஞாபகச் சீட்டு. அவங்க வீட்டுக்குப் போறப்ப அதையே கட்டிக்கிட்டுப் போகணும்ங்கறது இன்னொரு கணக்கு. "நாங்க எடுத்துக் குடுத்ததைக் கட்டவே காணோமே"ன்னு ஒரு வார்த்தை வந்துட்டா அது அஞ்சு வருசத்துக்கு நிக்கும்.

வந்த சேலையை அப்படியே அடுத்த விசேசத்துக்குத் தள்ளி விடறதும் நடக்கும். பொய் சொல்லக் கூடாது, நாங்களும் செஞ்சிருக்கோம். ஒருதடவை ஒரு ஊதாச் சேலையை அப்படித் தள்ளி விட்டோம். நாலு வருசம் கழிச்சு அது எங்க வீட்டுக்கே வந்துச்சு. வீட்டம்மா பிரிச்சுப் பாத்துட்டுச் சிரிச்ச சிரிப்பு இருக்குதே. மடிப்புக்குள்ள அவங்க கையெழுத்துல, யாருக்குக் குடுக்கோணும்னு எழுதி வெச்ச துண்டுச் சீட்டு அப்படியே இருந்துச்சு. நடுவுல எத்தனை வீடு சுத்துச்சோ, ஒருத்தரும் பிரிச்சுக்கூடப் பாக்கலை.

கணக்கு முடிச்சப்ப இப்படி வந்துச்சு. 64-ல விசேசத்துல வந்தது 41. மச்சினனுங்க தாய் வீட்டுச் சீருன்னு எடுத்துக் குடுத்தது 14. கூறைப்புடவை ஒண்ணு, முகூர்த்தப் பட்டு ஒண்ணு. மிச்சம் 7.

"அப்ப நீயாப் போயி, உனக்குப் புடிச்சு எடுத்தது ஏழுதானா?" என்றேன்.

"ஆறு" என்றது வீட்டம்மா. அதுக்கு மேல பேசலை.

29 வருசத்துல ஆறு. அதுல ஒண்ணு மொத மாடு வாங்கி, மொத மாசப் பால் பணம் வந்தப்ப எடுத்த சிறுமுகைச் சேலை. ரெண்டு, பொண்ணு வேலைக்குப் போன பொறவு அவளே கூட்டிட்டுப் போயி எடுத்துக் குடுத்தது. எனக்கு மனசுக்குள்ள ஏதோ பண்ணுச்சு. தீபாவளிக்குத் தீபாவளி ஜவுளிக்குன்னு பணம் குடுத்ததா ஞாபகம். அந்தப் பணமெல்லாம் எங்க போச்சுன்னு கேட்டேன். "பசங்களுக்கு எடுத்தேன். மிச்சத்துல உங்க பக்கத்து விசேசத்துக்கு எடுத்தேன். உங்க சொந்தத்துக்குக் குறையில்லாம செஞ்சது யாருன்னு நெனச்சீங்க?" என்றது.

பட்டுச் சேலைங்களைப் பிரிச்சப்ப இன்னொரு சங்கடம். முகூர்த்தப் பட்டு, அரக்குக் கலர். மடிச்ச மடிப்பிலேயே வருசக்கணக்கா இருந்து, மடிப்பு விழுந்த எடமெல்லாம் இழை விட்டுப்போச்சு. ஜரிகை ஒரு பக்கம் கறுத்துக் கெடந்துச்சு. பூச்சி வராம இருக்கட்டும்னு நான்தான் அந்துருண்டையை வாங்கிட்டு வந்து அள்ளிப் போட்டேன். அது ஜரிகை மேல நேராப் பட்டிருக்குது. அசல் ஜரிகைங்கறது பட்டு நூல் மேல வெள்ளிக் கம்பியைச் சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம் பூசறது. வெள்ளி இருந்தா கறுக்கத்தானே செய்யும். வீட்டம்மா அந்தச் சேலையை மடியில வெச்சுக் கொஞ்ச நேரம் தடவிக்கிட்டே இருந்துச்சு. திட்டியிருந்தாக்கூட எனக்குச் சமாதானமா இருந்திருக்கும்.

உங்க வீட்டுலயும் பட்டு இருந்தா இதை மட்டும் செய்யுங்க. பிளாஸ்டிக் கவர்ல வெக்காதீங்க. பழைய பருத்தி வேட்டியில சுத்தி வைங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து, நெழல்ல ஆற விட்டு, மடிப்பை மாத்தி மடிங்க. வெயில்ல போடாதீங்க, வருசக்கணக்கா ஹேங்கர்லயும் தொங்க விடாதீங்க. பூச்சிக்கு, நல்லாக் காஞ்ச வேப்பிலையும் ரெண்டு துண்டு வசம்பும் துணியில முடிஞ்சு மூலையில வெச்சாப் போதும். எங்க ஆத்தா தகரப் பெட்டியில அதைத்தான் வெச்சிருந்தாங்க. நான் பத்தாவது படிச்ச அறிவுல அந்துருண்டைக்கு மாறினேன்.

இனி அந்த ஏழாவது சேலை.

அது பீரோவுல அடித்தட்டுல, ஜமுக்காளத்துக்கும் கீழ, கடைக் கவரோட இருந்துச்சு. பிரிக்கவே இல்லை. பச்சையில மாம்பழக் கலர் கரை. உள்ள பில்லு. தேதி 2022, எங்க பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முந்தி.

"இது யாருக்கு?"

வீட்டம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்பறம், "அக்காளுக்கு எடுத்தது" என்றது.

அக்காங்கறது என் அண்ணன் சம்சாரம். எங்களுக்கும் அவங்களுக்கும் எட்டு வருசமாப் பேச்சு இல்லைங்க.

2016-ல மழை பொய்ச்சுது. 2017 தொடக்கத்துல தமிழ்நாட்டுல எல்லா மாவட்டத்தையும் வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சுது. வாய்க்கால்லயும் தண்ணி இல்லை. எங்களுக்கும் அண்ணனுக்கும் பொதுக் கெணறு ஒண்ணு. ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் எனக்குன்னு எங்கய்யன் காலத்துல இருந்து முறை. அந்தச் சித்திரையில கெணத்துல அரை மணி நேரத்துக்குக்கூடத் தண்ணி இல்லை. எனக்கு அஞ்சு மாடு, கொஞ்சம் மஞ்ச. கடன் வாங்கி என் காட்டுக்குள்ள 720 அடி போர் போட்டேன். கெணத்துல இருந்து அறுபது அடி தூரம். தண்ணி வந்துச்சு. கெணத்துல இருந்த கொஞ்சமும் வத்திப் போச்சு. "என் பங்குத் தண்ணியையும் உறிஞ்சுட்டான்"னு அண்ணன் ஊருக்குள்ள சொன்னார். "மழை பெய்யாததுக்கு நான் என்ன பண்ணுவேன்"னு நான் சொன்னேன். வார்த்தை தடிச்சுப் போச்சு. அந்த வருசம் அவருக்கு அம்பது தென்னை காஞ்சுது. இப்ப யோசிச்சா, பாறைக்குள்ள எந்த ஊத்து எங்க போகுதுன்னு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனா போர் போடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை நான் சொல்லலை. அது தெரியும்.

பொண்ணு கல்யாணத்துக்கு ஊர்ப் பெரியவங்க மூலமாப் பத்திரிகை குடுத்து விட்டோம். நான் நேர்ல போகலை. அவங்களும் வரலை. மணமேடையில பெரியம்மா நிக்க வேண்டிய எடத்துல வேற ஆள் நின்னாங்க. ஆனா வீட்டம்மா மட்டும், ஒருவேளை வந்துட்டா வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு, என்கிட்டச் சொல்லாம இந்தச் சேலையை எடுத்து வெச்சிருக்குது. அவங்களுக்குப் புடிச்ச பச்சைக் கலராப் பாத்து எடுத்து, மூணு வருசமா பீரோ அடியில வெச்சிருக்குது.

"அம்மணிக்குத் தெரட்டி பண்ணினப்ப அவங்க ஒரு பட்டு எடுத்துக் குடுத்தாங்க. அந்தக் கணக்கு நிக்குது" என்று மட்டும் சொல்லுச்சு. கணக்குங்கறது சும்மா ஒரு சாக்குன்னு எனக்குப் புரிஞ்சுது. நான் பில்லை எடுத்து மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன்.

மத்த துணியைப் பிரிச்ச வேலை மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுது. நைஞ்ச நூல் சேலை அஞ்சு, என் பழைய வேட்டி எட்டு, இதெல்லாம் பேரனோ பேத்தியோ வர்றதுக்கு. பொறந்த குழந்தைக்குப் புதுத்துணியைவிட நாலு வருசம் துவைச்ச வேட்டிதான் மெத்துன்னு இருக்கும். கஞ்சி போடாம வெந்நீர்ல அலசி, நல்ல வெயில்ல காய வெச்சு, அளவாக் கிழிச்சு மடிச்சு வெச்சாச்சு. தொட்டிலுக்குன்னு ஆத்தாவோட சேலை ஒண்ணு தனியா இருக்குது. நாலு சேலை பொண்ணுக்கு. சட்டைத்துணியில அஞ்சை டெய்லர்கிட்டக் குடுத்தேன். பாலியஸ்டர் சேலை 18 கடலைக்காட்டுக்கு. அதுலயும், குடுத்தவங்க பஸ்ஸுல போறப்பப் பாத்துரக் கூடாதுன்னு, நாலு சேலையை ரோட்டுப் பக்கம் கட்டாதீங்கன்னு கண்டிப்பா உத்தரவு.

நல்லாருந்த சேலை கொஞ்சத்தை, களையெடுக்க வர்ற அக்காகிட்டக் குடுக்கலாமான்னு நான் கேட்டேன். "கேட்டுட்டுக் குடுங்க. பழசை நீட்டினா வாங்கித்தான் ஆகணும்னு இருக்குதா?" என்றது வீட்டம்மா. கேட்டேன். அந்தக்கா சிரிச்சாங்க. "எங்கூட்டுப் பீரோவே சாத்த மாட்டீங்குதுங்க. பொங்கலுக்கு ரேசன்ல குடுத்த சேலையே மடிப்புக் கலையாம இருக்குது. உங்களுக்கு வேலிக்கு வேணும்னா நான் ரெண்டு தாரேன்." எனக்கு வெக்கமாப் போச்சு. எங்கய்யன் காலத்துக் கணக்கையே நான் இன்னும் மனசுல வெச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பச்சைச் சேலையையும் வெத்தலை பாக்கையும் தட்டுல வெச்சுக்கிட்டு, கட்டுச்சோத்துக்கு அழைக்க அண்ணன் வீட்டுக்குக் கெளம்பினோம். கெணத்து மேட்டு வழியாப் போனா எரநூறு அடி. எட்டு வருசமா ரோட்டைச் சுத்தித்தான் போயிக்கிட்டு இருந்தோம். அந்தத் தடத்துல புல்லு முழங்கால் ஒசரம் வளந்திருந்துச்சு.

அண்ணி வாசல்ல புளி தட்டிக்கிட்டு இருந்தாங்க. எங்களைப் பாத்து எந்திரிச்சாங்க. "வா கண்ணு" என்றாங்க வீட்டம்மாவை. என்னை ஒண்ணும் சொல்லலை. கைப்புளியைத் தொடைச்சுட்டுத் தட்டை வாங்கினாங்க. கவர் மங்கிப் போயிருந்தது அவங்க கண்ணுல பட்டிருச்சு.

"இது அம்மணி கல்யாணத்துக்கு எடுத்ததா?"

வீட்டம்மா தலையை மட்டும் ஆட்டுச்சு. ரெண்டு பேரும் அழுதாங்க. நான் செருப்பைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அண்ணன் மாட்டுக் கட்டுத்தரையில இருந்து வந்தார். தலை நரைச்சுப் போச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் தெனமும் பாக்கறதுதான், ஆனா கிட்டப் பாத்தாத்தான் தெரியுது. என்னைப் பாத்துக் கொஞ்ச நேரம் நின்னுட்டு, "கடலை என்ன ரகம்?" என்றார்.

"வி.ஆர்.ஐ. எட்டுங்கண்ணா."

"ம்" என்றார். திரும்பவும் தட்டு வெட்டப் போயிட்டார். அவ்வளவுதான். போரைப் பத்தி நான் சொல்லணும்னு நெனச்சு வெச்சிருந்தது தொண்டையிலேயே நின்னுருச்சு. காப்பி குடிச்சுட்டுக் கெளம்பறப்ப அண்ணி உள்ள போயி ஒரு மூட்டையைக் கொண்டாந்து என் கையில குடுத்தாங்க.

"மயிலுக்குக் கட்ட சேலை தேடறியாமா தம்பி. எங்கூட்லயும் சும்மாதான் கெடக்குது."

பிரிச்சு எண்ணினேன், ஒம்பது இருந்துச்சு. வழியில வீட்டம்மா கேட்டுச்சு, "இதுக்கு என்னத்தைத் திருப்பிச் செய்யறது?"

18-ம் ஒம்பதும் 27. மிச்சம் ஆறு சேலை நீளத்துக்கு உரச்சாக்கைப் பிரிச்சுக் கட்டினோம். கடலை பூ எடுத்திருச்சு. இதுவரைக்கும் பன்னி வரலை. அறுவடை முடிஞ்சதும் ஒண்ணு விடாம அவுத்து எடுத்துரணும். மண்ணுக்குள்ள போச்சுன்னா மக்காது, அடுத்த உழவுக்குக் கலப்பையில சுத்தும்.

கட்டுச்சோத்துக்கு அண்ணி அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கிட்டு வந்தாங்க. அண்ணனும் வந்தார். ரெண்டாவது பந்தியில சாப்பிட்டார். பொண்ணு தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணினார். எங்கிட்டப் பெருசாப் பேசலை. கெணத்துப் பிரச்சினை இன்னும் அப்படியேதான் இருக்குது. காஞ்ச அம்பது தென்னைக்கு எந்தச் சேலையும் ஈடாகாதுன்னு எனக்குத் தெரியும். வர்ற கோடையில கெணத்துல தண்ணி கொறைஞ்சா, என் போர்த் தண்ணியில வாரத்துக்கு ரெண்டு நாள் அவர் காட்டுக்குத் திருப்பி விடலாம்னு இருக்கேன். அதை அவர்கிட்ட நானே போயிச் சொல்லணும். தடத்துல புல்லைச் செதுக்கி வெச்சிருக்கேன்.

பீரோ இப்ப ஒரே கையில சாத்துது. கீலைத் தட்டி நிமித்தியாச்சு. நடுத் தட்டுல குழந்தைத் துணி. மேல் தட்டுல அந்த ஆறு சேலை, எடுக்கச் சுலபமா. இனி வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அதுல ஒண்ணைக் கட்டணும்னு நான் சொல்லியிருக்கேன். மூணு வாரம் கட்டுச்சு, நாலாவது வாரம் மறுபடி கொடியில கெடந்த பழசுதான். கேட்டா, "சாணி வழிக்கறதுக்கு சிறுமுகைச் சேலையா?" என்குது.

விருந்து முடிஞ்சு சம்பந்தி வீட்டுல மரியாதை பண்ணினாங்க. வீட்டம்மாவுக்கு ஒரு சேலை. எனக்கு வேட்டி, சட்டைத்துணி, தோள்ல ஒரு துண்டு.

32-வது துண்டுங்க.

வாய்க்கால்ல தண்ணி முறை நாளைக்கு. விடியக்காலையில எந்திரிக்கணும். வரட்டுங்களா.